பழி பிள்ளைக்கா, பெற்றோருக்கா?



நம் சங்கக் கூட்டங்களில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று பேசி முடித்துத் தேநீர் அருந்தும் வேளையில் தவறாமல் எழும் ஒரு புலம்பல் உண்டு. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையே தெரியவில்லை" என்பதுதான் அது. நானும் அப்படிப் புலம்பியவன்தான். அண்மையில் என் கடையில் பத்து நாள் இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் என் எண்ணத்தை மாற்றின. அவற்றை ஒளிவுமறைவின்றி உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் நிகழ்ச்சி. மாலை நேரம், கடையில் நல்ல கூட்டம். ஓர் அம்மையார் ஏழெட்டு வயதுப் பையனுடன் வந்தார். பையன் துவரம்பருப்பு மூட்டையில் கையை விட்டு அளைந்தான். பிறகு வாசலில் சரமாகத் தொங்கிய சிப்ஸ் பொட்டலம் ஒன்றைப் பிய்த்து அங்கேயே தின்னத் தொடங்கினான். எடை போடும் ஊழியருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர், "தம்பி, அம்மாகிட்ட கேட்டுட்டு எடுக்கலாமேப்பா" என்றார். பையன், "போய்யா, காசு கொடுக்கத்தானே போறோம்" என்றான். தாயார் சிரித்தார். "ரொம்ப வாய் அண்ணாச்சி இவனுக்கு, அப்படியே அவங்க அப்பா" என்றார் பெருமையாக. நான் பொட்டலத்தைக் கணக்கில் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். மாதம் தவறாமல் சாமான் வாங்குகிற வீடு, பகைத்துக்கொள்ள மனமில்லை.

இரண்டாம் நிகழ்ச்சி. கல்லூரியில் படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். கல்லாவில் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே சரக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். அரைக்கால் சட்டை, கையில் கைப்பேசி. அரிசி லாரி வந்து மூட்டைகள் இறங்கின. இறக்குக்கூலி வாங்க வந்த பெரியவரை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்தாய்யா, எடுத்துட்டுப் போ" என்று ரூபாய் நோட்டுகளை மேசையில் வீசினான். ஒரு நோட்டு பறந்து கீழே விழுந்தது. பெரியவர் குனிந்து எடுத்தார். உள்ளிருந்து வந்த என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். தேர்த் திருவிழாவில் என் மகனைத் தோளில் தூக்கி வைத்துச் சாமி காட்டியவர் அவர்.

அன்றிரவு மகனைக் கூப்பிட்டுக் கண்டிக்க நினைத்தேன். 'இதை எங்கே கற்றாய்?' என்று கேட்க வாயெடுத்தபோதே விடை எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம், சரக்கு தாமதமாக வந்த கோபத்தில், வேனில் வந்த இளைஞனிடம் நானும் அப்படித்தான் பணத்தை எறிந்தேன். மகன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். மறுநாள் காலை நானே பெரியவரிடம் போய், மகன் எதிரிலேயே வருத்தம் தெரிவித்தேன். பிறகுதான் அவனும் கைகூப்பினான். பெரியவர், "சின்னப் பிள்ளைதானே அண்ணாச்சி" என்றார். சின்னப் பிள்ளை அவன். பெரியவனான எனக்கு என்ன சமாதானம்?

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பார்கள். தொட்டிலை ஆட்டுகிற கை யாருடையது என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

1985-ல் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. முதல் மூன்று மாதம் முதலாளி தராசைத் தொட விடவில்லை. பேசக் கற்றுக்கொடுத்தார். வருகிறவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது, "வாங்க" என்று சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு. பணத்தை வலக்கையால் வாங்கி, வலக்கையால் கொடுக்க வேண்டும். சிறு பிள்ளை பையும் தூக்குச்சட்டியுமாக வந்து நின்றால் முதலில் அதைக் கவனித்து அனுப்ப வேண்டும். "அந்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்" என்பார். போகும்போது கையில் ஒரு துண்டு வெல்லமோ, பிடி பொட்டுக்கடலையோ கொசுறு.

அந்தப் பிள்ளைகளும் பழகித்தான் வந்தார்கள். 'கால் கிலோ உளுந்து, நூறு கடுகு' என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வருவார்கள். மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவார்கள். வீட்டில் தாய் மறுபடி எண்ணுவார். நாம் தவறி நாலணா கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதே பிள்ளை மூச்சிரைக்கத் திரும்ப ஓடிவரும். கணக்கும் நாணயமும் பெரியவர்களிடம் பேசும் முறையும் ஒரே நடையில் கிடைத்த பள்ளிக்கூடம் அது.

இன்று பிள்ளைகளைத் தனியே கடைக்கு அனுப்புவது குறைந்துவிட்டது. சாலையில் வண்டிகள் பறக்கின்றன. பெற்றோரின் அச்சம் நியாயமானதே. சரக்கெல்லாம் பொட்டலமாகிவிட்டது. கைப்பேசியைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. ஒரு வார்த்தை பேசாமலே வியாபாரம் முடிகிறது. வெளியாளிடம் பேசிப் பழகும் வாய்ப்பே இல்லாத பிள்ளைக்கு மரியாதை எங்கிருந்து வரும்? பழகாத குறையைப் பிறவிக் குறையாக நாம் பேசுகிறோம்.

உடை விஷயமும் இப்படித்தான். 'ஆள் பாதி, ஆடை பாதி' என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிறோம். அதிலும் பெண் பிள்ளைகளையே குறை சொல்கிறோம், அது நியாயமல்ல. நம்மைப் பார்ப்போம். கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, அழுக்குப் பனியனுடன் கல்லாவில் உட்கார்ந்து, தாய்மார்களுக்கு எடை போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? காமராசர் முதல்வராக இருந்த காலத்தில் (1954-63) பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை வலியுறுத்தப்பட்டது, ஏழை பணக்காரன் வேற்றுமை வகுப்பறையில் தெரியக் கூடாது என்பதற்காக. எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்பதுதான் உடை ஒழுக்கத்தின் சாரம். விலையோ நாகரிகமோ அதற்கு அளவுகோல் அல்ல. துவைத்த வேட்டி சட்டை போதும்.

பெற்றோர் பொறுப்பைச் சட்டமும் இப்போது கையில் எடுத்துள்ளது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளரே குற்றவாளி. மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டிப் பதிவு ரத்து. பத்தாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுத்து "வீட்டுக்கு இந்தச் சாமானைக் கொண்டு போ" என்று அனுப்பும் கடைக்காரர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று: "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னார்" என்று சிகரெட் கேட்டு வரும் சிறுவன். 2003-ம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமோ, குழந்தையின் கையில் அதைக் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. தந்தையின் பெயரைச் சொன்னால் சட்டம் விலகி நிற்காது. "அப்பாவையே வரச் சொல்லு தம்பி" என்று அனுப்புங்கள். அனுப்பிய தகப்பனுக்கும் அது பாடமாகும்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கடைக்கு வரும் பிள்ளையை நாமே முதலில் "வாங்க தம்பி", "வாம்மா" என்று அழைப்போம். மரியாதை கிடைத்த பிள்ளை அதைத் திருப்பிக் கொடுக்கும். பெரிய ஊழியரை ஒரு பிள்ளை அவமதித்தால், கோபப்படாமல், "தாத்தாகிட்ட அப்படிப் பேசக் கூடாதுப்பா" என்று தாய் காதில் விழச் சொல்வோம். ஒரு வாடிக்கை போய்விடுமோ என்ற அச்சத்தில் நம் ஊழியரின் மானத்தை விற்க வேண்டாம்.

பள்ளி நேரம் போக, விடுமுறை நாளில் நம் பிள்ளைகளைக் கடையில் உட்கார வைப்போம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் படிப்பு கெடாமல், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவ 2016-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடம் தருகிறது. கணக்கைக் கற்றுக்கொடுக்கும் முன், மூட்டை சுமப்பவருக்கு எழுந்து நின்று கூலி கொடுக்கக் கற்றுக்கொடுப்போம்.

இப்போது என் கடையில் இறக்குக்கூலியை மகன்தான் கொடுக்கிறான். எழுந்து, வலக்கையால், "தாத்தா, எண்ணிப் பார்த்துக்கோங்க" என்று. வேன் இளைஞனுக்குப் பணம் கொடுக்கும்போது நானும் எழுந்து நிற்கிறேன். மகன் கவனிக்கிறான் என்பது எனக்குத் தெரியும்.