வேதனையும் பதிவேடும்

அந்திமகால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லங்களின் நிர்வாகத்தைப் பற்றி நம்மில் பலர் சிந்திக்கத் தலைப்பட்டதே, 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பாலேஸ்வரத்தில் ஓர் இல்லத்தை அதிகாரிகள் சோதித்து, அங்கிருந்த முதியோரை வேறிடங்களுக்கு மாற்றிய செய்தி வந்த பிறகுதான். அதுவரை தர்மகாரியம் என்ற பெயரே தணிக்கையின் ஸ்தானத்தில் நின்றது. ஆனால் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டால் தரம் வந்துவிடுமா? திண்டுக்கல் மாவட்டத்துச் சின்னாளப்பட்டியில் தறிக்குழியிலேயே ஆயுளைக் கழித்துவிட்டு, புற்றுநோயின் உபாதையால் திண்ணையில் சுருண்டு கிடக்கும் கிழவருக்கு வேண்டுவது மார்பின் என்னும் வலிநீக்கி மாத்திரை. நான்கு மணிக்கொரு தரம், வலி தலைதூக்குமுன் கொடுக்கவேண்டிய அம்மருந்துக்குப் பல உரிமங்கள் தேவைப்பட்ட நிலையை 2014-ஆம் ஆண்டுப் போதைமருந்துத் திருத்தச் சட்டம் மாற்றி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ ஸ்தாபனங்கள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியோடு அதை வைத்துக்கொள்ள வழிசெய்தது. சட்டம் தளர்ந்தும் அச்சம் தளரவில்லை. (கணக்கில் ஒரு மாத்திரை குறைந்தால் வம்பு என்று வாங்காமலே இருந்துவிடும் ஆஸ்பத்திரிகள் உண்டு.) 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு தேடிச் செவிலியரை அனுப்புவது சிலாக்கியமான ஏற்பாடே. ஆனால் மருந்து கையிருப்பில் இருந்தால்தான் பயன்; ஆகவே திண்டுக்கல்லில் இல்லங்களைச் சோதிக்க வரும் அதிகாரிகள் கட்டில்களை எண்ணுமுன் மார்பின் பதிவேட்டை வாங்கிப் பார்க்கட்டும். நோயாளி நேற்றிரவு உறங்கினாரா என்றும் ஒரு வார்த்தை விசாரிக்கட்டும்.