வாட்ஸைப் பார்க்காதீர்கள், பெட்டியைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலரும் கையோடு ஒரு 2.1 ஸ்பீக்கர் செட்டையும் வாங்குகிறார்கள். பல கடைகளில் முதலில் காட்டுவது, அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸ் எண்ணைத்தான். அந்த எண்ணை நம்பிக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

பி.எம்.பி.ஓ.வை அளக்க எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதிமுறை எதுவும் கிடையாது. யு.எஸ்.பி. 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட்ஸ்தான் தரும். அதிலிருந்து மட்டும் மின்சாரம் பெறும் ஸ்பீக்கரின் மேல் '200 வாட்ஸ்' என்று அச்சிட்டிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? தொடர்ந்து எவ்வளவு தரும் என்பதைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணைக் கேளுங்கள். அந்த எண் இரண்டு மடங்கானாலும் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும்.

அப்படியானால் நல்ல பேஸ் எங்கிருந்து வருகிறது? பெட்டியிலிருந்துதான். வூஃபரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் இந்த இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். முழுவதும் மூடிய பெட்டியில் உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. எட்கர் வில்ச்சர் 1954-ல் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கரை இந்த முறையில்தான் கொண்டு வந்தார். குழாய் வைத்த பெட்டி பின்பக்க ஒலியையும் பயன்படுத்தி பேஸைக் கூட்டுகிறது. ஆனால் பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் அந்த வூஃபருக்குப் பொருந்த வேண்டும். இதற்கான கணக்கை நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் வகுத்துத் தந்தார்கள். இன்று வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் வூஃபரின் விவரங்களைக் கொடுத்தால் உங்கள் கம்ப்யூட்டரே அளவுகளைச் சொல்லிவிடும்.

சிலர் இருக்கிற செட்டில் இன்னொரு வூஃபரைச் சேர்க்க ஆசைப்படுகிறார்கள். இங்கேதான் கவனம் தேவை. இரண்டு 4 ஓம்ஸ் வூஃபர்களை பேரலலாக இணைத்தால் 2 ஓம்ஸ். சீரீஸாக இணைத்தால் 8 ஓம்ஸ். குறைந்தது 4 ஓம்ஸ் தேவைப்படும் ஆம்ப்ளிஃபயரில் 2 ஓம்ஸை மாட்டினால், அது அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகி எரிந்துபோகலாம். 8 ஓம்ஸில் பவர் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் ஆபத்து இல்லை. பிளஸ், மைனஸ் மாறினால் ஒரு கூம்பு முன்னே வர, மற்றது பின்னே போகும். பேஸ் காணாமல் போகும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் வூஃபரின் பிளஸ்.

எனவே கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆர்.எம்.எஸ். எவ்வளவு? எத்தனை ஓம்ஸ்? பெட்டி மரமா, மெல்லிய பிளாஸ்டிக்கா? பிறகு உங்களுக்கு நன்கு தெரிந்த பாட்டை முழு சத்தத்தில் போடச் சொல்லுங்கள். பெட்டி கடகடவென்று அதிர்ந்தால், எத்தனை ஆயிரம் வாட்ஸ் எழுதியிருந்தாலும் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.