படிவத்தில் இல்லாத சேரி

புயல், வெள்ளம், சுனாமி என்றால் இப்போது புதுப் புதுக் கருவிகள் வருகின்றன. டிரோன் வருகிறது, செயற்கைக்கோள் படம் வருகிறது, செல்போன் செயலி வருகிறது. பேரிடர் நிவாரணத்துக்கென்றே 'ஸ்டார்ட்அப்' கம்பெனி தொடங்கிப் பரிசும் வாங்குகிறார்கள். அரசும் கம்பெனியும் தொண்டு நிறுவனமும் ஒண்ணா சேர்ந்து வேலை செய்கிறோம் என்கிறார்கள். செய்யட்டும். எனக்கு ஒரே கேள்விதான்: அந்தச் செயலிக்குள் இருக்கிற படிவத்தை எழுதினது யாரு?

நான் நெரவிக்காரன். பூமிக்கு அடியில் இருக்கிற எண்ணெயையும் எரிவாயுவையும் தேடிக் கண்டுபிடிக்கிற ஓ.என்.ஜி.சி.யின் அலுவலகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. விஞ்ஞானம் எங்களுக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. தெற்கே திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர் தாண்டினால் நாகூர். அது தமிழ்நாடு, இது புதுச்சேரி. 2004 டிசம்பர் 26 அன்று வந்த அலைக்கு இந்த எல்லை எல்லாம் தெரியாது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். காரைக்கால் கடலோரத்திலும் நூற்றுக்கணக்கில் சாவு. பெரும்பாலும் மீனவ சனங்கள். அந்தத் துக்கத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. மீனவர்கள் நமக்கு எதிரிகளும் இல்லை.

பிறகு நடந்ததைப் பேசுவோம். நாகையில் பிணம் தூக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் எந்தச் சாதி என்று நான் சொல்லணுமா? அந்த வேலைக்கு மட்டும் புதுக் கருவி எதுவும் வரவில்லை.

நிவாரணக் கணக்கு எப்படிப் போட்டார்கள்? படகு போனவருக்குப் படகு. உப்புத் தண்ணி ஏறின நிலத்துக்கு ஹெக்டேர் கணக்கில் பணம், நிலத்துக்காரர் பேரில். அந்த நிலத்தில் நாத்து நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த சனம்? "உனக்கு என்ன போச்சு?" என்று கேட்டால் என்ன சொல்வது? படகு கிடையாது, பட்டா கிடையாது. வயல் உப்பானதால் கூலி போச்சு. கூலிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. தலையில் கூடை சுமந்து கருவாடு விற்கிற பொம்பளையும் வியாபாரிதான், தொழில்முனைவோர்தான். அவள் கூடைக்கும் கட்டம் இல்லை. எதுவும் இல்லாதவனுக்கு எதுவும் போகலே என்பதுதான் அந்தப் படிவத்தின் நியாயம்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோதும் இதே நியாயம்தான். விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. மரத்தை எண்ணினார்கள். அந்த மரம் ஏறிப் பிழைத்தவனை அப்படி எண்ணவில்லை.

கம்ப்யூட்டர் வந்தால் சாதி போய்விடும் என்று நம் படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் கேட்டதை எழுதிக்கொள்ளும். கேட்காததை அதுவாகத் தேடிப் போகாது. ஊர்த் தலைவர் கொடுக்கிற பட்டியலைக் காகிதத்தில் ஏற்றினாலும் செயலியில் ஏற்றினாலும் விட்டுப்போன சேரி விட்டுப்போனதுதான்.

அதனால் கருவியே வேண்டாமா? வேணும். புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு கிராமத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருந்த தகவல் மையத்தில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. சுனாமி அன்று சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார். உடனே ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஊர் தப்பித்தது. ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான். நான் கேட்பது, அந்தச் சத்தம் சேரி வரைக்கும் கேட்குமா என்பதுதான்.

அதே சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் சேர்ந்து 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர்கள், முகாம்கள், உதவிப் பொருட்கள் எல்லாவற்றையும் பதிவு செய்ய. அது கட்டற்ற மென்பொருள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், புதுக் கட்டம் சேர்க்கலாம். கென்யாவில் 2008-ல் தேர்தல் கலவரத்தின்போது 'உஷாஹிதி' வந்தது. ஸ்வாஹிலி மொழியில் 'சாட்சியம்' என்று அர்த்தம். அடிபட்ட சனங்களே குறுஞ்செய்தி அனுப்பினார்கள், அது வரைபடத்தில் ஏறியது. அதிகாரி வந்து எண்ணட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நாமும் காத்திருக்க வேண்டாம். தோழர்களே, குறிப்பாகப் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கைகளே, ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் சேரியை நீங்களே கணக்கெடுங்கள். எத்தனை குடிசை, எத்தனை முதியவர், எத்தனை கர்ப்பிணி, யாருக்கு என்ன கூலி வேலை, தண்ணி எந்தப் பக்கமாக ஏறும், ஓடுவதற்குப் பாதை எது. செல்போனில் ஏற்றுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். புயலில் கரண்ட் போகும், நோட்டு இருக்கும்.

அரசிடமும் மூன்று கேட்போம். சேதக் கணக்கைச் சேரி சேரியாகத் தனியே எடுக்கணும். போன கூலியையும் இழப்பு என்று எழுதணும். பட்டியலை முடிப்பதற்கு முன்னால் சேரியில் வைத்து எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்கணும். விட்டுப்போன பேரை அங்கேயே சேர்க்கணும். இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. அதிகாரி சேரிக்குள் நடந்து வந்தால் போதும்.