செல்போனுக்கு நகல், வீட்டுக்கு அசல்

சினிமாப் பாட்டு என்று பேச்செடுத்தாலே தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பெருமிதம் வந்துவிடும். வராமல் இருக்குமா? பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்த இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி' படத்துக்கு இசையமைத்து, கிராமத்து மெட்டைத் தமிழ்நாடு முழுக்க முணுமுணுக்க வைத்தார். அந்த மெட்டெல்லாம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. குச்சனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் ஊர்கள் இவை. நாற்று நட்டாலும் பாட்டு, முளைப்பாரி எடுத்தாலும் பாட்டு, இழவு வீட்டிலும் பாட்டு.

சினிமாவுக்குப் போன பாட்டு பிழைத்துக்கொண்டது. போகாத பாட்டின் கதி என்ன? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. விஷயம் கொஞ்சம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது, ஆனால் பயப்படத் தேவையில்லை.

2000-களின் பிற்பாதியில் தமிழ்நாட்டின் எந்த பஸ் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தாலும் "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்ற அட்டை தொங்கும். கடைக்காரர் சிடியில் இருக்கும் பாட்டை எம்பி3 ஆக மாற்றி கார்டில் ஏற்றிவிடுவார். ஏன் மாற்ற வேண்டும்? கணக்கைப் பார்த்தால் புரியும். சிடியில் ஒரு நொடி ஒலி 44,100 துண்டுகளாகப் பதிவாகிறது. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 50 மெகாபைட்டைத் தாண்டிவிடும். ஒரு ஜிபி கார்டில் இருபது பாட்டுக்கூட அடங்காது! அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் ஐந்து மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். அதே கார்டில் 200 பாட்டு.

பதினொன்றில் ஒரு பங்காக எப்படிச் சுருங்குகிறது? மந்திரம் ஒன்றுமில்லை. ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் நிறுவனத்தில் முக்கியமாக உருவான இந்த முறை, மனிதக் காது எதைக் கவனிக்காது என்று கணக்குப் போட்டு அதைத் தூக்கி எறிகிறது. பெரிய சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னச் சத்தம், மிக உச்சத்தில் இருக்கும் கீச்சொலி எல்லாம் போய்விடும். பஸ்ஸில் இயர்போன் மாட்டிக் கேட்பவருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் போனது போனதுதான். 128 கிலோபிட் பாட்டை எடுத்து 320 ஆக மாற்றினால் கோப்பு பெரிதாகுமே தவிர, பாட்டு திரும்பி வராது. தண்ணீர் கலந்த பாலைப் பெரிய குண்டாவில் ஊற்றினால் பால் கெட்டியாகிவிடுமா என்ன?

சினிமாப் பாட்டுக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு பாட்டை லட்சம் பேர் லட்சம் விதமாகச் சுருக்கிக் கெடுத்தாலும், சிடியும் இசைத்தட்டும் எங்கெங்கோ இருக்கும். வேண்டியவர்கள் நல்ல பிரதியைத் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டு கேசட்டின் நிலைமை அப்படியா? டேப் ரெக்கார்டர் வந்த காலத்தில் எத்தனையோ வீடுகளில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பிடு என்று பதிவு செய்தார்கள். அப்பத்தா பாடிய தாலாட்டு, நடவுக்குப் போன அத்தைமார் பாடிய பாட்டு, பெரியவர் ஒருவரின் இழவில் ஊர்ப் பெண்கள் வைத்த ஒப்பாரி இவையெல்லாம் கேசட்டில் இருக்கின்றன. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. அந்தப் பதிவுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அது பீரோவின் அடித்தட்டில் பூசணம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதை செல்போனுக்கு மாற்ற வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசை வருவது நல்ல விஷயம்தான். ஆனால் மாற்றும் விதம் இருக்கிறதே! கேசட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் செல்போனைப் பிடித்து ரெக்கார்ட் செய்துவிட்டு, "வேலை முடிந்தது" என்று கேசட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பழைய செல்போன்கள் பலவற்றில் இப்படிப் பதிவானவை ஏ.எம்.ஆர். என்ற வகைக் கோப்புகள். ஏ.எம்.ஆர். பாட்டுக்காக உருவானதே அல்ல, போன் பேச்சுக்காக உருவானது. நொடிக்கு 8,000 துண்டுகள்தான் எடுக்கும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது என்றால், இதில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே இருக்காது. அதுவும் ஒரு மனிதர் பேசுவதை மனதில் வைத்துச் சுருக்குவது. பத்துப் பெண்கள் சேர்ந்து குலவையிடும்போதும் உறுமியும் தவிலும் சேர்ந்து முழங்கும்போதும் அது திணறிப்போய் ஏதோ தகர டப்பாவை உருட்டுவதுபோல் ஆக்கிவிடும். இன்று வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் பாட்டைப் பிடித்து அனுப்புவதும் ஏறக்குறைய இதே கதைதான். அதுவும் பேச்சுக்காகச் சுருக்கப்படுவதே.

"வார்த்தை புரிகிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்பத்தாவின் குரலைக் கேட்டுக் கண் கலங்குவதற்கு 48,000 துண்டுகள் தேவையில்லை. ஆனால் செல்போன் மாறிக்கொண்டே இருக்கும். ஏ.எம்.ஆர். கோப்பை எம்பி3 ஆக்கி, அதை இன்னொன்றாக்கி, அடுத்த தலைமுறை அதையும் வேறொன்றாக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் உதிரும். பிழிந்த திராட்சையிலிருந்து குலையை மீட்க முடியாது என்பது கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லித் தர வேண்டிய பாடமில்லை. மேலும், பாட்டு என்பது வார்த்தை மட்டும்தானா? ஒப்பாரியில் வரும் இழுப்பும் விம்மலும் எழுத்தில் அடங்காது. அதற்காகத்தானே பதிவு செய்தார்கள்!

ஆகவே செல்போனுக்கு மாற்றுவது தப்பே இல்லை. மாற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை எறிவதுதான் தப்பு. முதலில் ஒரு முழுப் பிரதி எடுக்க வேண்டும், அதிலிருந்துதான் செல்போனுக்கான நகல் எடுக்க வேண்டும்.

முழுப் பிரதி என்றால் எப்படி? ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமான ஐயாசா இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நொடிக்குக் குறைந்தது 48,000 துண்டு, ஒவ்வொன்றும் 24 பிட், சுருக்காத கோப்பு என்பது அதன் பரிந்துரை. 60 நிமிட கேசட் ஒன்று இந்தக் கணக்கில் சுமார் ஒரு ஜிபி வரும். 2007-ல் இதைக் கேட்டால் தலை சுற்றியிருக்கும். இன்று 64 ஜிபி கார்டு ஒன்றில் கிட்டத்தட்ட 60 கேசட்டுகள் அடங்கிவிடும். 2001-ல் வந்த ஃப்ளாக் என்ற முறையில் சேமித்தால் ஒரு துளிகூட இழக்காமல் இடத்தை இன்னும் நன்றாகக் குறைக்கலாம். ஆக, இடமில்லை என்ற சாக்கு செல்லாது.

வேலையும் கஷ்டமில்லை. கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தட்டுகளை உடைத்துவிட்டால், தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பாட்டு அழியாது. டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்து, ஸ்பீக்கரை நம்பாமல் வயர் வழியாகவே கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று முழுப் பிரதியில் கை வைக்கக் கூடாது. அதை நகலில் செய்துகொள்ளலாம். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம், என்ன சந்தர்ப்பம் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு செல்போனுக்கு எம்பி3 நகல். எம்பி3-யின் காப்புரிமைகள் காலாவதியாகி, 2017-ல் அதன் உரிமத் திட்டமும் முடிந்துவிட்டது. அநேகமாக எல்லாக் கருவியிலும் ஓடும், ஆகவே நகலுக்கு அதைவிட வசதியானது வேறில்லை. சொந்தக்காரர்களுக்கு முழுப் பிரதியை அனுப்புவதானால் வாட்ஸ்அப்பில் டாகுமென்ட் ஆக அனுப்பினால் மாறாமல் போகும்.

காசு வாங்கிக்கொண்டு கேசட் மாற்றித் தரும் ஸ்டுடியோக்காரர்களும் இதைப் பழக்கமாக்க வேண்டும். எம்பி3-ஐ மட்டும் கொடுத்து அனுப்புவது, போட்டோ பிரிண்டைக் கொடுத்துவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடுவது மாதிரி. முழுப் பிரதியைக் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. கேட்கத் தெரியவில்லை என்றால் கடைக்காரரே சொல்லித் தரலாம்.

ஆடிச் சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குச் சொந்தபந்தமெல்லாம் ஊருக்கு வருகிறது. எந்த கேசட்டில் பாடுவது யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் அந்தக் கூட்டத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஒரு நாள் மெனக்கெட்டு, பீரோவைத் திறந்து, அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுப் பெயர் எழுதிக்கொள்ளலாம். அடுத்த ஆடிக்கு அந்தப் பெரியவர்கள் இருப்பார்கள் என்பதற்கும், கேசட் ஓடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.