இத்தாலிக்குப் போனவளும் இத்தாலியிலிருந்து வந்தவரும்



இந்தத் தடவை ஊறுகாய்ப் பக்குவமும் இல்லை, கைவைத்தியமும் இல்லை. நாம் பெற்ற பிள்ளைகள் தூர தேசத்தில் போய் வாழ்வதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். "இதென்ன பெரிய அதிசயம்? வீட்டுக்கு வீடு துபாயிலும் சிங்கப்பூரிலும் ஆள் இருக்கே!" என்பீர்கள். வாஸ்தவம்தான். எங்கள் முத்தாண்டிக்குப்பத்திலும் அப்படித்தான். ஆனால் நான் சொல்ல வந்தது சம்பாதிக்கப் போனவர்களைப் பற்றி அல்ல. சேவை செய்யப் போனவர்களைப் பற்றி. தன் பெயரில் ஒரு காசு சேர்க்கக் கூடாது, கல்யாணம் கிடையாது, எந்த ஊருக்கு அனுப்பினாலும் மறுபேச்சில்லாமல் போக வேண்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்களே, அவர்களைப் பற்றி.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். முந்திரிக் கொட்டை உடைத்து உடைத்து விரலெல்லாம் கறுத்துப் போனவர். அந்தக் காசில்தான் மகளைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் அந்தப் பெண் மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரீ ஆகிவிட்டாள். நர்ஸ் படிப்பும் மடத்திலேயே படிக்க வைத்தார்கள். பிறகு இத்தாலிக்கு அனுப்பினார்கள். போய்ப் பதினோரு வருஷமாகிறது. போன வருஷம் லீவில் வந்திருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இத்தாலி என்றால் மாதா கோயிலும் போப்பாண்டவரும்தானே! அங்கே போய் நீ என்ன ஊழியம் செய்யணும்?" என்று கேட்டேன். சிரித்தாள். "அக்கா, அங்கே கோயிலுக்குக் குறைவில்லை. கிழவர் கிழவிகளைக் கவனிக்கத்தான் கையில்லை" என்றாள். இத்தாலியில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். மடங்களில் புதிதாகச் சேரும் பெண்களும் குறைந்து போனார்கள். ஆகவே நம் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சிஸ்டர்கள் போய் முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, குழந்தைப் பள்ளி என்று பார்த்துக்கொள்கிறார்கள். இவளுக்கு வட இத்தாலியில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லம்.

அவளுடைய ஒரு நாளைக் கேளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம், பூசை. ஆறரைக்கெல்லாம் பாட்டிகளை எழுப்பி, உடம்பு துடைத்து, துணி மாற்றி, தலை வாரி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பால் காபியில் ரொட்டியைத் தோய்த்து ஊட்ட வேண்டும். மதியம் சூப்பு, பாஸ்தா. அப்புறம் மாத்திரை, புண்ணுக்கு மருந்து, படுக்கை விரிப்பு மாற்றுவது. சாயங்காலம் ஜெபமாலை. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டி விடுமாம். "அந்த இருட்டுதான் அக்கா முதல் வருஷம் என்னை அழ வைத்தது. பனி கூட இல்லை" என்றாள்.

முதல் ஆறு மாசம் வேலையே கிடையாதாம், பாஷை வகுப்புதான். "புவோன் ஜோர்னோ" என்றால் காலை வணக்கம், "நொன்னா" என்றால் பாட்டி. அப்படியும் ஒரு பாட்டி இவளைக் கிட்டே சேர்க்கவில்லை. அந்தப் பாட்டி பேசுவது ஊர் வழக்கு. வகுப்பில் படித்த பாஷை அங்கே செல்லவில்லை. இவள் ஸ்பூனை நீட்டினால் பாட்டி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாராம். ஒரு நாள் இவள் பிசைந்த மாவும் கையுமாகப் போய், "நொன்னா, பாஸ்தாவுக்கு எப்படித் தேய்க்கிறது? எனக்குத் தெரியாது, கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான்! பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐயோ, இப்படியா பிசைவது!" என்று திட்ட ஆரம்பித்துவிட்டாராம். அன்றிலிருந்து இவள் ஊட்டினால்தான் சாப்பாடு. கொடுக்கப் போனவள் மாணவியாகிக் கேட்டதும் கதவு திறந்துவிட்டது பாருங்கள்!

இதைக் கேட்டதும் எனக்கு இன்னொருவர் ஞாபகம் வந்தது. இவள் போன வழியில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எதிர்த்திசையில் வந்தவர் அவர். அதுவும் நம் கடலூர் மாவட்டத்துக்கே வந்தவர். வீரமாமுனிவரைத்தான் சொல்கிறேன். சென்னை மெரினாவில் 1968-ஆம் வருஷம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சிலை வைத்தார்களே, அவரேதான். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறதல்லவா? அது அவர் எழுப்பியது. ஜனவரித் திருவிழாவுக்கு நம் பக்கத்து ஜனங்கள் மதம் பார்க்காமல் போகிறார்கள். ஆனால் கட்டியவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-ஆம் வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி பிறந்தவர். பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. ரோமாபுரியில் கொள்ளை நோய்க்காரர்களுக்குப் பணிவிடை செய்து 23 வயதில் இறந்த அலோசியஸ் என்ற புனிதரும் இதே ஊர்க்காரர்தான். பெஸ்கி சேசு சபைக் குருவாகி, 1710-இல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, கோவா வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது முப்பது. தலை நரைத்து, 1747-இல் இறந்தார். நடுவில் ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை.

வந்தவர் எப்படி வாழ்ந்தார்? அவருக்கு நூறு வருஷம் முன்பே, 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்கிற ராபர்ட் தெ நொபிலி ஒரு வழி போட்டு வைத்திருந்தார். அவரும் இத்தாலிக்காரர்தான். இந்த ஊரில் துறவி என்றால் எப்படி இருப்பாரோ அப்படியே இருப்பது என்பதுதான் அந்த வழி. காவி உடை. மாமிசம், மீன், முட்டை, மது எதுவும் கிடையாது. சோறும் காய்கறியும் பாலும்தான் ஆகாரம். படுக்கை பாய்தான். ரொட்டியும் திராட்சை ரசமுமாக வளர்ந்த உடம்பு நம் சித்திரை வெயிலில் சோறும் மோருமாக இருக்க எப்படிப் பழகியிருக்கும்! யோசித்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய காரியம் தமிழ் கற்றது. முப்பது வயதுக்கு மேல் "ழ"வும் "ற"வும் நாக்கில் வரவழைப்பது லேசா? வித்துவான்களிடம் மாணவனாக உட்கார்ந்து இலக்கணமும் இலக்கியமும் படித்தார். முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிற்பாடு வீரமாமுனிவர் ஆனார். கற்றது எந்த அளவுக்கு என்றால், 3615 பாட்டில் "தேம்பாவணி" என்ற காவியத்தையே எழுதிவிட்டார்! அந்தக் காவியத்துக்குக் கதாநாயகன் ராஜாவா, வீரனா? இல்லை. சூசையப்பர். உளியும் கையுமாக உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய தச்சர்! குடும்பஸ்தன் ஒருவனைக் காவிய நாயகனாக்கியது நம் போன்ற இல்லத்தரசிகளுக்குச் சந்தோஷம்தானே?

இப்போது உங்கள் வீட்டுக் கூடத்துக்கு வாருங்கள். பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் "தேன்" என்று எழுதுகிறான். அதில் இரட்டைக் கொம்பு போடுகிறானே, அந்த வழக்கம் வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்றே சொல்லப்படுகிறது. அதற்கு முன் குறிலுக்குத்தான் மேலே புள்ளி வைப்பார்கள். ஓலைச் சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை கிழிந்துவிடும் என்று அதையும் விட்டுவிடுவார்கள். "தென்" எது, "தேன்" எது? "கொடு" எது, "கோடு" எது? இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழைத் தாய்ப்பாலோடு குடித்தவனுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. கஷ்டப்பட்டுப் படித்தவருக்குத்தான் கல் எங்கே இருக்கிறது என்று காலில் தட்டும்.

அகராதியும் அப்படித்தான். அந்தக் காலத்தில் நிகண்டு என்று பாட்டாக இருக்கும்; மனப்பாடம் செய்தால்தான் பிரயோஜனம். அவர் 1732-இல் "சதுரகராதி" செய்து, சொற்களை அகர வரிசையில் அடுக்கி வைத்தார். மனப்பாடம் செய்யாதவர்களும் வேண்டிய வார்த்தையைத் தேடி எடுக்கலாம் என்றாயிற்று. பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் அவர் எழுதிய இலக்கணத்தை 1738-இல் அச்சடித்தது யார் தெரியுமா? தரங்கம்பாடியில் இருந்த வேறு சபைக்காரர்கள். கொள்கையில் அவர்களுக்கும் இவருக்கும் ஒத்துவராது. ஆனாலும் புத்தகம் நல்ல புத்தகம் என்று அச்சுப் போட்டார்கள்.

குழந்தைகளுக்குச் சொல்லும் பரமார்த்த குரு கதையும் அவர் எழுதியதுதான். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்க்கும் சீடர்களையும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கும் கூத்தையும் சொல்லிச் சிரிக்காத வீடு உண்டா? அவர் பிறந்த மாந்துவா சீமையில் இன்றைக்கும் பூசணிக்காய் விசேஷம். மசித்து மாவுக்குள் வைத்து, நம் பூரணக் கொழுக்கட்டை மாதிரி வேகவைக்கிறார்கள்.

கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா நம் ஊர்ப் பெண் மாதிரி சேலையில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விருத்தாசலம் கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்ற பெயர் உண்டு. தன் சாமியை அந்நியமாக நிறுத்தாமல் இந்த மண்ணின் கோலத்தில் கொண்டுவந்து வைத்தார் மனுஷன். கொடுப்பதை வாங்குகிறவர்களின் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்கத் தெரிந்தவர்.

இதெல்லாம் பெருமைதான். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

எங்கள் பெரியம்மாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. நான் கஞ்சி கொண்டு போயிருந்தேன். "எவளோ பெத்த கிழவிக்கு எம் பொண்ணு ஊட்டி விடுறா. எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுக்க ஆளில்லே பாரும்மா" என்று அழுதார். என்ன பதில் சொல்வது? "எல்லாம் புண்ணியம் பெரியம்மா" என்று சொல்லலாம். வலியில் கிடப்பவரிடம் புண்ணியக் கணக்குப் பேச எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்து விட்டேன். அன்று ராத்திரி மகள் போனில் வந்தாள். "அம்மா, ஒவ்வொரு பாட்டியைக் குளிப்பாட்டும்போதும் உன்னை நெனச்சுக்கிட்டுத்தாம்மா குளிப்பாட்டுறேன்" என்றாள். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெந்நீர் ரொம்பச் சூடா ஊத்தாதே பாப்பா, வயசான தோலு" என்றார்! பெற்ற மனசு எப்படி என்று பார்த்தீர்களா? கண்ணால் காணாத அந்தக் கிழவிக்கும் இவர்தான் தாயாகிவிட்டார்.

பெஸ்கியையும் ஒருத்தி பெற்றுத்தானே இருப்பாள்? கப்பலேறிப் போன மகன் கோணான்குப்பத்தில் என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்று கடுதாசி போய்ச் சேரவே மாசக் கணக்காகுமே! சேவை செய்யப் போகிறவர்களுக்குச் சிலை வைக்கிறோம். அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்களும் பாதிச் சேவை செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நம் பிள்ளைகள் கன்னியாஸ்திரீ ஆகாவிட்டாலும், வேலைக்கோ கல்யாணத்துக்கோ எங்கேயோ போகத்தான் போகிறார்கள். ஆகவே இளம் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்:

ஒன்று, எந்த ஊர்ச் சாப்பாட்டையும் முகம் சுளிக்காமல் ஒரு வாய் ருசி பார்க்கச் சின்ன வயதிலேயே பழக்குங்கள். "எனக்குத் தயிர்சாதம்தான்" என்று வளர்ந்த பிள்ளைதான் வெளியூரில் தவித்துப் போகிறது. எங்கள் பெரியம்மா மகள் அங்கே விளையும் குண்டு அரிசியிலேயே பொங்கல் பொங்குகிறாள். நன்றாகக் குழைகிறதாம்!

இரண்டு, "எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள்" என்று கூச்சமில்லாமல் கேட்கச் சொல்லுங்கள். புது மாமியார் வீட்டுக்கும் இது பொருந்தும்.

மூன்று, ஆண் பிள்ளையானாலும் படுக்கை மடிக்கவும், தாத்தாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கவும் வையுங்கள். வயசானவர்களின் உடம்பைத் தொட அருவருப்பு இல்லாமல் வளரட்டும்.

நான்கு, பிள்ளை இத்தாலியில் இருந்தால் நேரம் தெரிந்து போன் செய்யுங்கள். குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசியில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தபின் மூன்றரை மணி நேரம்தான். அக்டோபர் கடைசியில் மறுபடி பழையபடி. நமக்கு ராத்திரி ஒன்பது என்றால் அவர்களுக்குச் சாயங்காலம். ஆற அமரப் பேசலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவிலும் பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் ஒரு பெரியம்மா கட்டாயம் இருப்பார். சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு நடை போய், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். ரசம் வைத்திருந்தால் ஒரு கிண்ணம் எடுத்துப் போங்கள். கப்பலேறிப் போக வேண்டாம், பாஷை படிக்க வேண்டாம். நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது அந்த ஊழியம்.