பேப்பருக்கு ஒரு குண்டு, மானுக்கு ஒரு குண்டு

"இந்த இதழுக்கு புல்லட் பத்தி எழுதறேன்" என்று சொன்னதும் எங்கள் எடிட்டோரியல் குரூப்பில் வந்த முதல் பதில், "350-ஆ, 500-ஆ மச்சி?" என்பதுதான். பைக் இல்லை. துப்பாக்கியில் போடுகிற புல்லட். மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிறவன் பைக்கை விட்டுவிட்டு இதை ஏன் எழுதுகிறான் என்று கேட்பவர்கள், கடைசி வரை படித்துவிட்டுத் திட்டலாம்.

செகண்ட் இயரில் என்.சி.சி. கேம்ப் போனபோது ஒரு நாள் ஃபயரிங். .22 ரைஃபிள், ஆளுக்கு ஐந்து ரவுண்டு, குப்புறப் படுத்துச் சுட வேண்டும். நான் சுட்டதில் நாலு ஓட்டை கொத்தாக ஒரே இடத்தில் விழுந்திருந்தது. ஐந்தாவது எங்கே போச்சுன்னு அந்தப் பேப்பருக்கே தெரியாது. சுட்டு முடித்ததும் காலி உறைகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்கணும். ஒன்று குறைந்தாலும் எல்லாரும் மண்டி போட்டு மண்ணைக் கிளற வேண்டியதுதான். அன்று ராத்திரி டென்டில் ஒருவன் கேட்டான்: "இவ்வளவு கரெக்டா போற குண்டை எடுத்துட்டு வேட்டைக்குப் போனா எப்படி இருக்கும்?" நான் உடனே, "செமையா இருக்கும்டா, குறியே தப்பாதுல்ல" என்றேன்.

நான் சொன்னது தப்பு. எந்த அளவுக்குத் தப்பு என்று புரிய எனக்கு இரண்டு வருஷமும், ஒரு டிசைன் பேப்பரும், ஒரு சோளக்காடும் தேவைப்பட்டது.

முதலில் ஒரு விஷயம். பேச்சில் நாம் எல்லாவற்றையும் புல்லட் என்கிறோம். துப்பாக்கிக்குள் போடுவது தோட்டா. அதில் உறை இருக்கிறது, உள்ளே மருந்து இருக்கிறது, நுனியில் குண்டு இருக்கிறது. சுட்டதும் பறந்து போவது அந்தக் குண்டு மட்டும்தான். இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

குறி பார்த்துச் சுடும் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் பாயின்ட் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சட்டை பட்டன் சைஸ். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினது இந்தத் தூரத்தில்தான். அங்கேயும் .22 தான். குண்டு சுமார் 2.6 கிராம் ஈயம். அதன் வேகத்தை ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழேயே வைத்திருக்கிறார்கள். ஒலியைத் தாண்டிப் போகிற குண்டு, வழியில் வேகம் குறைந்து மறுபடியும் ஒலி வேகத்தைக் கடந்து இறங்கும்போது லேசாகத் தடுமாறும். அந்தத் தடுமாற்றமே வேண்டாம் என்பதால் இந்த ஏற்பாடு.

இதை விட ஆச்சரியம், லாட் டெஸ்டிங். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் பெட்டியில் லாட் நம்பர் மாறினால் ரிசல்ட் மாறுகிறது. அதனால் பெரிய ஷூட்டர்கள் தங்கள் ரைஃபிளைக் கிளாம்பில் பூட்டி, பல லாட்களைச் சுட்டுப் பார்த்து, எது கொத்தாக விழுகிறதோ அந்த லாட்டை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

ஆக, இந்தக் குண்டிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். போன தடவை எங்கே போனாயோ, இந்தத் தடவையும் அங்கேயே போ. பேப்பரில் பட்ட பிறகு அது நசுங்கினாலும் உடைந்தாலும் யாருக்கும் கவலை இல்லை.

இப்போது வேட்டை. அமெரிக்காவில் மான் வேட்டைக்கு .308 ரைஃபிள் ரொம்ப சாதாரணம். சுமார் 11 கிராம் குண்டு, நொடிக்கு 800 மீட்டர் வேகம். அரை எம் வி ஸ்கொயர் போட்டால் ஏறக்குறைய 3,500 ஜூல் வரும். இதே எடையில் டார்கெட் குண்டும் கிடைக்கும், வேட்டைக் குண்டும் கிடைக்கும். எனர்ஜி கணக்கில் இரண்டும் ஒன்று. வித்தியாசம், அந்த எனர்ஜி எங்கே செலவாகிறது என்பதில்தான்.

வேட்டைக் குண்டின் நுனியில் மெல்லிய ஈயம் வெளியே தெரியும், அல்லது பள்ளம் இருக்கும். உடம்பில் பட்டதும் அது காளான் மாதிரி விரியும். விரிந்தால் வேகம் குறையும், எனர்ஜி உள்ளேயே இறங்கும், விலங்கு சீக்கிரம் செத்துப்போகும். கேட்க நல்லா இல்லைதான். ஆனால் இதற்கு மாற்று என்ன என்று பாருங்கள். டார்கெட் குண்டு சில சமயம் ஊசி மாதிரி துளைத்து மறுபக்கம் போய்விடும். சில சமயம் மேலாகவே உடைந்து சிதறும். எது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்காக அதை டிசைன் பண்ணவே இல்லை. முதல் வகையில் மான் ஓடிவிடும். எங்கேயோ புதருக்குள் போய், மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கிடந்து சாகும். சுட்டவன் "மிஸ் ஆயிடுச்சு" என்று வீட்டுக்குப் போயிருப்பான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். நல்ல டார்கெட் குண்டுகளில் பலவற்றின் நுனியிலும் ஒரு குட்டி ஓட்டை இருக்கும். வேட்டைக் குண்டிலும் ஓட்டை, இதிலும் ஓட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று என்றே தோன்றும். ஆனால் காரணம் வேறு. சாதாரண ராணுவக் குண்டில் தாமிரக் கவசத்தின் மூடிய பக்கம் நுனியில் இருக்கும், ஈயத்தைப் பின்னாலிருந்து நிரப்புவார்கள். அதனால் அடிப்பகுதி அவ்வளவு சீராக வராது. குழாயை விட்டு வெளியே வரும் கணத்தில் வாயு தள்ளுவது அந்த அடிப்பகுதியைத்தான். அது கோணலாக இருந்தால் குண்டும் கோணலாகக் கிளம்பும். அதனால் டார்கெட் குண்டில் தலைகீழாகச் செய்கிறார்கள். அடியை மூடி, ஈயத்தை முன்னாலிருந்து நிரப்பி, நுனியைக் குவிக்கிறார்கள். கடைசியில் மிஞ்சுகிற இடைவெளிதான் அந்த ஓட்டை. அது விரிவதற்கு வைத்தது கிடையாது, செய்முறையில் மிஞ்சியது. உருவத்தை மட்டும் பார்த்து "ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்கிறவன் டிராயிங்கை மட்டும் பார்க்கிறான், டிசைனைப் பார்க்கவில்லை.

சட்டமும் இதே கேள்வியில் மாட்டியிருக்கிறது. 1890களில் கல்கத்தா பக்கத்தில் டம்டம் என்ற இடத்தில் இருந்த பிரிட்டிஷ் ஆயுதத் தொழிற்சாலையில் விரியும் குண்டு செய்தார்கள். 'டம்டம் குண்டு' என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். 1899 ஹேக் மாநாட்டில், மனித உடம்பில் எளிதாக விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தார்கள். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸில் 1991ஆம் வருஷத்து மான் சட்டம் நேர் எதிர். ரைஃபிளால் மானைச் சுடுவதாக இருந்தால் விரியும் வகைக் குண்டாகத்தான் இருக்க வேண்டும். அதாவது போர்க்களத்தில் தடை, காட்டில் கட்டாயம்! முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. யோசித்தால் இரண்டுமே தேவையில்லாத வலியைத் தவிர்க்கத்தான். சிப்பாய் சண்டையிலிருந்து விலகினாலே போதும், அவன் பிழைத்து வீட்டுக்குப் போகலாம். மானை ஆஸ்பத்திரிக்கு யாரும் தூக்கிட்டுப் போகப் போவதில்லை. சுட்டால் அப்போதே முடிய வேண்டும். 1990இல் அமெரிக்க ராணுவத்தின் சட்டப் பிரிவும் அந்த நுனி ஓட்டை டார்கெட் குண்டைப் பரிசீலித்து, இது விரிவதற்காகச் செய்யப்பட்டதில்லை, போரில் பயன்படுத்தலாம் என்று சொன்னது. அவர்களும் ஓட்டையைப் பார்க்கவில்லை, அது எதற்கு என்று பார்த்தார்கள்.

"வேட்டையே தப்பு, அதில் நல்ல குண்டு என்ன கெட்ட குண்டு என்ன?" என்று என் ரூம்மேட் கேட்டான். எனக்கும் வேட்டை பிடிக்காது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, நல்லது. ஆனால் ஓநாயே இல்லாமல் போன பிரிட்டனில் மான் கூட்டத்தைக் குறைக்க வருஷா வருஷம் சுடத்தான் செய்கிறார்கள். நடக்கிற காரியம் ஒழுங்காக நடக்கணும் இல்லையா?

அரைகுறையாகச் சுட்டு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கதை உண்டு. 1907இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாக அவர் எழுதியிருக்கிறார். சுட்ட பிறகு வாயைத் திறந்து பார்த்தால், வலது பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்பது அவர் முடிவு. எவனோ ஒருவன் பல வருஷம் முன்னால் சுட்டுவிட்டுப் போய்விட்டான். பில் கட்டியது குமாவுன் கிராமங்கள்.

சரி, விரியும் குண்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம், எல்லாம் ஓகேவா? அதுவும் இல்லை. ஈயக் குண்டு விரியும்போது பொடிப்பொடியாகத் துகள்கள் சிதறும். வேட்டைக்காரர் காட்டில் விட்டுப் போகும் குடலையும் மிச்சத்தையும் கழுகுகள் தின்னும். கலிபோர்னியா காண்டோர் என்று ஒரு பிணந்தின்னிக் கழுகு. சிறகு விரித்தால் ஒன்பது அடி. 1982இல் உலகத்திலேயே 22 தான் மிஞ்சியிருந்தன. கூண்டில் வளர்த்துப் பெருக்கி மறுபடி காட்டில் விட்டால், அங்கே அவற்றைக் கொல்வதில் முதலிடம் ஈய விஷத்துக்கு. கலிபோர்னியா 2013இல் சட்டம் போட்டு, 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டை முழுசாக நிறுத்தியது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி நம் ஊர்க் கழுகுகளை அழித்த கதை தெரிந்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

மாற்று, முழுத் தாமிரக் குண்டு. சும்மா வராது. ஈயத்தின் அடர்த்தி 11.34, தாமிரம் 8.96. அதே எடை வேண்டுமென்றால் குண்டு நீளமாகும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும், அதற்குக் குழாயின் உள்ளே முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் தாமிரம் ஈயம் போல் எளிதாக விரியாது. விலையும் கூட. இருந்தாலும் அதுதான் சரி என்பது என் கருத்து. ஈயத்தில் மிச்சமாகிற காசைக் கழுகு கட்டுகிறது.

இப்போது சோளக்காடு. எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், காட்டுப்பன்றி வந்தால் கேமரா கண்டுபிடித்து லைட்டும் சைரனும் போடுகிற சிஸ்டம். டெஸ்ட் போட்டோக்களில் நூற்றுக்கு 94 சரி. அந்த 94-ஐ ஸ்லைடில் எவ்வளவு பெரிய எழுத்தில் போடலாம் என்று நாலு பேரும் சண்டை போட்டோம். டீமில் ஒருத்தன் ஊர் மலையடிவாரம், அவன் தோட்டத்திலேயே மாட்டிப் பார்த்தோம். பன்றி வந்தது, சைரன் அலறியது, பன்றி ஓடியது. நாங்கள் கை தட்டினோம். அவன் அப்பா பொறுமையாகக் கேட்டார்: "சரிங்க தம்பி, சத்தத்துக்குப் பன்னி ஓடுது. ஓடி எங்க போகும்? பக்கத்துக் காட்டுக்குத்தானுங்களே?"

பக்கத்துக் காட்டுக்காரரிடம் சைரன் கிடையாது. அந்தப் பக்கம் சிலர் அவுட்டுக்காய் வைப்பார்கள் என்றும் சொன்னார். பழத்துக்குள் வெடிமருந்து வைத்துப் போடுவது. பன்றிக்கு வைப்பதுதான், ஆனால் யானை கடித்தாலும் வெடிக்கும். வாய் கிழிந்த யானை சாப்பிட முடியாமல் பட்டினி கிடந்தே சாகும்.

அன்றைக்குத்தான் டென்டில் நான் சொன்னது ஞாபகம் வந்தது. குறி தப்பாதுல்ல. எங்களுக்கும் தப்பவில்லை. பட்ட பிறகு என்ன என்று கேட்கத்தான் மறந்துவிட்டோம்.

இப்போது லைட்டை இடம் மாற்றி, பன்றி மலைப்பக்கமே திரும்புகிற மாதிரி வைக்க முயற்சி செய்கிறோம். பாதி நாள் வேலை செய்கிறது, பாதி நாள் இல்லை. 94 அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஸ்லைடில் சின்ன எழுத்தில். ஜூனியர்ஸ், உங்கள் ஜீரோத் ரிவ்யூவில் ஆப்ஜெக்டிவ் ஸ்லைடுக்கு அடுத்து ஒரு ஸ்லைடு சேர்த்துக்கொள்ளுங்கள். நம்ம சாமான் வேலை செய்த பிறகு என்ன ஆகும், யாருக்கு ஆகும்? பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தோட்டத்துக்காரரிடம் ஒரு நாள் போய்க் கேளுங்கள். டீ கொடுத்துச் சொல்வார்.