‘அம்மா சொன்னார்’



1960-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுச் சிறுமி, அரசாங்கக் காவல் அதிகாரிகள் நால்வர் சூழ்ந்துவர, வில்லியம் பிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளியின் படிகளில் ஏறினாள். வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே பயின்றுவந்த அப்பள்ளியில் கால்வைத்த முதல் கறுப்பினக் குழந்தை அவள். வாயிலில் கூடி நின்று அவள்மீது வசைமாரி பொழிந்தவர்கள் யார்? அவர்களுள் பலர் பிள்ளை பெற்ற தாய்மார்கள்! சிறு சவப்பெட்டியொன்றில் கறுப்புப் பொம்மையைக் கிடத்தி அக்குழந்தையின் கண்முன் காட்டினாள் ஒருத்தி. நஞ்சிட்டுக் கொல்வதாக மிரட்டினாள் மற்றொருத்தி. ஆதலால், வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவையன்றி வேறெதையும் உண்ண அவளுக்கு அனுமதியில்லை.

வெள்ளையர் பலரும் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துச் சென்றுவிட்டனர். அவளுக்குப் பாடம் சொல்ல முன்வந்தவர், பாஸ்டன் நகரிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்னும் வெள்ளை ஆசிரியை ஒருவரே. ஆண்டு முழுவதும் அந்த வகுப்பறையில் ஆசிரியை ஒருவர், மாணவி ஒருத்தி.

பின்னர் ஒருநாள், அப்பள்ளிக்குத் திரும்பியிருந்த சில வெள்ளைப் பிள்ளைகளை ரூபி சந்தித்தாள். அவர்களுள் ஒரு சிறுவன் அவளோடு விளையாட மறுத்தான். அவள் கறுப்பினத்தவள் என்பதால் சேரக் கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறார் என்பதே அவன் கூறிய காரணம். தம் தாய் அவ்வாறு சொல்லியிருந்தால் தாமும் கீழ்ப்படிந்திருப்போம் என்றும், ஆகவே அவன்மீது தமக்குச் சினம் எழவில்லை என்றும் ரூபி பின்னாளில் கூறியிருக்கிறார்.

இதைச் சற்றே சிந்தியுங்கள். தாய் தந்தையரைப் போற்றவேண்டுமென்னும் நான்காம் கட்டளையை அச்சிறுவன் மீறவில்லை, கடைப்பிடித்தான். அக்கீழ்ப்படிதலின் வழியாகவே பகைமை அவனுள் நுழைந்தது. பிள்ளைகள் நமக்குக் கீழ்ப்படிய வேண்டுமென எதிர்பார்க்கும் நாம், அக்கட்டளை நம் தோள்மீது எத்துணைப் பெரும் சுமையை ஏற்றுகிறது என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

நியூ ஆர்லியன்ஸ் கத்தோலிக்கர் நிறைந்த நகரம். அதன் பேராயர் ஜோசப் ரம்மல், நிறத்தால் மக்களைப் பிரித்து வைப்பது பாவமென்று 1956-ஆம் ஆண்டிலேயே மேய்ப்புப்பணி மடல் வரைந்தார். ஆயினும் அம்மறைமாவட்டத்தின் கத்தோலிக்கப் பள்ளிகள் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 1962-இல்தான். அரசாங்கப் பள்ளி திறந்து ஈராண்டு கழித்து! அவ்வாண்டு ஏப்ரலில், எதிர்ப்பை முன்னின்று நடத்திய கத்தோலிக்கர் மூவரை எண்பத்தைந்து வயதான அம்முதியவர் திருச்சபையிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. மடலைக் கேட்ட மக்கள் ஞாயிறுதோறும் திருப்பலி கண்டவர்களே. போதனை செவியில் விழுந்தது. வீட்டுப் பழக்கத்தை அது எட்டவில்லை.

வீட்டுப் பழக்கமும் ஊர்ப் பழக்கமும் குழந்தையின் உள்ளத்தில் என்ன செய்கின்றன என்பதைக் கறுப்பினத்தைச் சேர்ந்த உளநூல் அறிஞர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் முன்னரே ஆராய்ந்திருந்தனர். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளின் முன், நிறத்தைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒன்றுபோலிருந்த பொம்மைகளை அவர்கள் வைத்தனர். நல்ல பொம்மை எது என்று கேட்டபோது, பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைச் சுட்டினர். பார்க்க நன்றாயில்லாதது எது என்றபோது, தம் நிறத்துப் பொம்மையையே காட்டினர். 1947-இல் வெளிவந்த இவ்வாய்வு, நிறத்தால் பள்ளிகளைப் பிரிப்பது சட்டத்திற்கு ஒவ்வாது என 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கத் துணைநின்றவற்றுள் ஒன்று.

இக்காரணத்தால்தான் இன்று அந்நாட்டில், பிள்ளைகளையும் இளைஞரையும் வழிநடத்தும் ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர், மறைக்கல்வி ஊழியர் ஆகியோருக்குத் தனிப் பயிற்சிகள் அளிக்கப்படுகின்றன. ‘எல்லாரும் சமம்’ என்று சொல்லிக் கொடுப்பதற்காக அன்று. அதை அவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். தங்கள் கண்ணும் நாவும் நாள்தோறும் செய்வதை அவர்களே ஆராய்ந்து பார்ப்பதற்காக. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மழலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் குழந்தைகளின் காணொளிக் காட்சிகளைக் காட்டி, குறும்பு நிகழ்கிறதா எனக் கவனிக்கச் சொன்னார்கள். குறும்பு ஏதும் அக்காட்சிகளில் இல்லை. ஆயினும் ஆசிரியர்களின் கண்கள் கறுப்பினச் சிறுவன்மீதே அதிக நேரம் நிலைத்தன என்பதைக் கருவி பதிவு செய்தது. கறுப்பின ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்லர்! தீய நோக்கம் இல்லாமலே தீங்கு நிகழ்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

‘அமெரிக்காவின் கதை நமக்கெதற்கு?’ என்று யாரேனும் கேட்கலாம். ஆகவே நம் குற்றம் ஒன்றை மறைக்காமல் கூறிவிடுகிறோம். எமது பங்கில் கிறிஸ்து பிறப்பு நாடகத்திற்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தோம். மரியன்னையாகவும் வானதூதர்களாகவும் நிற்கச் சிவந்த நிறமுள்ள சிறுமியரையே அழைத்தோம். கருநிறச் சிறுமி ஒருத்தி, எவரும் சொல்லுமுன்னரே இடையர் வரிசையில் போய் நின்றுகொண்டாள். நாம் அதைக் கவனிக்கவுமில்லை. “சுவாமி, அந்தப் பிள்ளையை அங்கே நிற்கும்படி யாரும் சொல்லவில்லையே” என்று ஆசிரியை ஒருவர் மெல்லச் சொன்ன பிறகே நம் கண் திறந்தது. அவளை அழைத்துக் கபிரியேல் தூதரின் வேடத்தை அளித்தோம். அவள் முகம் மலரவில்லை. தவறாகக் கேட்டுவிட்டோமோ என்பதுபோல் ஆசிரியையைப் பார்த்தாள். கிளார்க் தம்பதியர் பொம்மைகளை வைத்துக் கேட்ட வினாவுக்கு நம் ஊர்க் குழந்தை ஒருத்தி நம் கண்முன்னே விடையளித்துவிட்டாள்.

அந்த விடையை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாமே. பிறந்த குழந்தையைப் பார்க்கச் சென்றவுடன் ‘நிறம் எப்படி?’ என்று கேட்கிறோம். பெண் பார்த்துத் திரும்பியபின் பிள்ளைகளின் எதிரிலேயே நிறத்தை எடை போடுகிறோம். ‘கறுப்பி’ என்பதைச் செல்லப் பெயராக்கிச் சிரிக்கிறோம். சிறியோருக்கு இடறலாய் இருப்பவர்களைக் குறித்து ஆண்டவர் விடுத்த எச்சரிக்கை எவ்வளவு கடுமையானது என்பது நாம் அறியாததன்று.

எனவே எமது பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடும்பொழுது, பாடத்தைப் பற்றிப் பேசுமுன் தங்களைப் பற்றிச் சில வினாக்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். பீடத்தின் முன் வாசகம் வாசிக்க யாரை அழைத்தோம்? பெருக்கித் துடைக்க யாரை அனுப்பினோம்? யார் பெயரை இன்னும் சரியாகக் கற்கவில்லை? யார் பேசினால் உடனே அதட்டுகிறோம்? முதல் கூட்டத்தில் பலர் வருத்தப்பட்டனர், ஓரிருவர் கோபித்துக்கொண்டனர். நாமும் தலைகுனிந்தே அமர்ந்திருந்தோம். ஒரு நாள் கூட்டத்தால் பல்லாண்டுப் பழக்கம் மாறிவிடாது என்பது மெய்யே. ஆதலால்தான் மாதந்தோறும் கூடுகிறோம்.

பெற்றோரே, இவ்வினாக்களை உங்கள் வீட்டு உணவு வேளைக்கும் எடுத்துச் செல்லுங்கள். நாளை உங்கள் பிள்ளை, விளையாட்டுத் திடலில் மற்றொரு பிள்ளையின் முன் நின்று, ‘அம்மா சொன்னார்’ என்று ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் போகிறது. அது எதுவாக இருக்கவேண்டும் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.